வோக்கர் என்ற பெயரை விசாரித்தது

காலையில் நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வாங்கின் முதுகுப் பலகையில் என் தம்பியின் முகம் இருக்கிறது. கோட், கழுத்துப்பட்டி, எல்லாப் பல்லும் தெரிகிற சிரிப்பு. பக்கத்தில் பெரிய எழுத்தில் பெயர். அதன் முன்பாதி, அப்பா வைத்த பெயரை வெட்டியபின் மிஞ்சியது. பின்பாதி ‘வோக்கர்’. அவன் வீடு விற்றுக் கொடுக்கும் முகவர். ஸ்காபரோ நகரிலும் மார்க்கம் நகரிலும் இப்படிப் பல வாங்குகளில் சிரித்துக்கொண்டிருக்கிறான். நான் எப்போதும் இடது ஓரத்தில்தான் உட்காருவேன். அங்கே சாய்ந்தால் என் குளிர்கோட்டு அவனுடைய முகத்தை முழுவதும் மூடிவிடும். வோக்கர் என்பது மட்டும் தெருவுக்குத் தெரியும். அந்த ஓரத்தில் வேறு யாராவது இருந்தால் நின்றபடியே காத்திருப்பேன்.

நான் ஒழுங்கான ஆள். வீட்டில் கத்தரிக்கோலுக்கு ஓர் இடம், நாட்குறிப்புக்கு ஓர் இடம். கோபத்தையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எடுக்க வேண்டிய நேரத்தில் தேட வேண்டி வரக்கூடாது.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரும் நம்முடைய பெயரும்தான். இந்த நாட்டுக்கு வந்தபோது ‘கடைசிப் பெயர்’ என்று ஒன்றைக் கேட்டார்கள். எல்லாரும் செய்ததுபோல நாங்களும் அப்பாவின் பெயரைக் கொடுத்தோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தகப்பனின் பெயர் போனது. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கடைசிப் பெயர் இருப்பதைப் பார்த்து வங்கிக்காரர்கள் விழித்தார்கள். நாங்கள் பழகிவிட்டோம். தம்பியும் இருபது வருடத்துக்கு மேல் அப்பாவின் பெயரோடுதான் இருந்தான்.

பிறகு ஒருநாள் போன் எடுத்தான்.

“அக்கா, நான் கடைசிப் பேரை மாத்திப்போட்டன்.”

“என்னெண்டு?”

“வோக்கர். அப்பான்ர பேரை எழுதினா வாங்கின்ர ஒரு முனையில இருந்து மற்ற முனைக்குப் போகுது. வெள்ளையள் வாசிக்கத் துவங்கி நடுவில விட்டிடுறாங்கள்.”

“அதுக்கு ஏன் வோக்கர்?”

“நல்ல சத்தம். எல்லாருக்கும் வாயில வரும். தெருவுக்கு ஒரு வோக்கர் இருக்கினம், ஆருமே திருப்பி என்னெண்டு கேக்க மாட்டினம்.”

அதில் பொய் இல்லை. நான் ஒரு குடும்ப வைத்தியரின் கிளினிக்கில் கோப்புகளைப் பார்க்கிறவள். W தட்டில் வோக்கர்கள் மட்டும் ஒரு முழம் வரும். அன்றைக்கு நாட்குறிப்பில், ‘தம்பி அப்பாவின் பெயரை விட்டான்’ என்று எழுதி, அடுத்த வரியில் அன்றைய வெப்பநிலையை எழுதினேன். அவனுடைய பெயர், அவனுடைய வாங்கு.

அவனுடைய யூனியன்வில் வீட்டு வரவேற்பறையில் ஒரு சட்டம் தொங்கியது. கடைத்தொகுதிகளில் சிறு கடை போட்டு, நம் குடும்பப் பெயரின் வரலாற்றை அச்சடித்து, சிங்கமும் கேடயமும் போட்டுக் கொடுப்பார்களே, அது. பழைய ஆங்கிலப் பெயர், வட இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் பரவலானது, துணித் தொழிலோடு தொடர்புடையது என்று அதில் இருந்தது. வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தி, “துணி வியாபாரியள். பெரிய ஆக்கள்” என்று தம்பி விளக்கம் சொல்வான். தானே அந்த வம்சத்தில் பிறந்தவன்போல ஒரு கையைச் சட்டத்தில் வைத்துக்கொள்வான்.

இதுவரை இருந்தது எரிச்சல்தான். கோபம் வேறு இடத்திலிருந்து வந்தது.

என் மகள் ஒரு பெடியனை விரும்பினாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். பெடியன் பொறியியலாளன், நல்ல சிரிப்பு, என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். எனக்குச் சம்மதம். என் கணவர் இறந்து எட்டு வருடமாகிறது. எங்கள் வழக்கப்படி விதவையான தாய் தன் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க முடியாது. பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தண்ணீர் ஊற்ற ஒரு சோடி வேண்டும். தாய்மாமனும் மாமியும். ஆகவே தம்பியிடம் சொன்னேன்.

“விசாரிச்சுப் பாக்கிறன்” என்றான்.

எங்கள் ஆட்களிடையே இந்தச் சொல்லுக்கு ஒரே வேலைதான். ஊருக்கு ஒரு போன். “அவை என்ன ஆக்கள்?” என்று ஒரு கேள்வி. பெடியனின் படிப்பையோ குணத்தையோ கேட்பதற்கு ஊரில் ஆள் தேவையில்லை.

இரண்டு கிழமை கழித்து உறவுக்காரப் பிள்ளை ஒன்றின் பிறந்தநாள். மண்டபத்தில் பெடியனின் தாயும் தகப்பனும் அடுத்த மேசையில் இருந்தார்கள். தம்பி கையில் கிளாசோடு வந்தான். குரலைத் தாழ்த்தவும் இல்லை.

“அக்கா, விசாரிச்சிட்டன். பெடியன்ர அப்பப்பா வீடு வீடாப் போய் அழுக்குத் துணி எடுத்த ஆள். வெளுக்கிற ஆக்களுக்குப் பொம்பிளை குடுக்க நான் வந்து தாரை வார்க்கிறதோ? அப்பான்ர மரியாதை என்னாகிறது?”

அப்பாவின் பெயரை வாங்கில் இடம் போதாது என்று எறிந்தவன், அப்பாவின் மரியாதையைப் பற்றிச் சொன்னான். அடுத்த மேசையில் பெடியனின் தாய் கரண்டியை வைத்தார். தகப்பன் எழுந்து மனைவியின் கோட்டை எடுத்துவந்து பிடித்தார். இருவரும் சாப்பாடு முடியாமல் போனார்கள். மகள் பின்னாலேயே ஓடினாள்.

மகளும் பெடியனும் உறுதியாகத்தான் இருந்தார்கள். “அம்மா, வி டோன்ற் நீட் ஹிம். சிற்றி ஹோல்ல சைன் பண்ணுறம், முடிஞ்சுது” என்றாள் மகள். ஆனால் பெடியன் தாயை விட்டுவிட்டுக் கையெழுத்து வைக்கிறவன் இல்லை. நான் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். தாய் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. தகப்பன்தான் பேசினார். பேக்கரித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். சொல்லைத் தேடி எடுத்துப் பேசுவார்.

“சைன் பண்ணலாம் அக்கா. ஆனா அவர் சொன்ன சொல்லு அந்த மண்டபத்திலயே கிடக்கும். இவ அதைத் தாண்டி வரமாட்டா.”

“என்ன செய்தா வருவா?”

“அவர் இஞ்ச வரட்டும். இந்தக் கதிரையில இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும். வேறொண்டும் வேண்டாம்.”

கேட்பதற்குச் சின்ன விஷயம். எங்கள் ஆட்களுக்குத் தெரியும், அதைவிடப் பெரியதைக் கேட்க முடியாது. இந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், அந்த வீட்டில் கூடாது என்று கணக்கு வைத்து வாழ்ந்தவர்கள் நாங்கள். ஊரைவிட்டு ஓடிவந்தபோது வேறு எதை விட்டாலும் அதைக் கவனமாகக் கொண்டுவந்தோம். தம்பியிடம் கேட்டேன். சிரித்தான். “அக்கா, உனக்கு என்ன விசரே?”

அந்தச் சிரிப்பை எடுத்து உரிய இடத்தில் வைத்தேன்.

ஊருக்குப் போன் எடுக்க எனக்கும் தெரியும். ஆனால் தம்பியின் இப்போதைய பெயரை விசாரிக்க ஊர் போதாது. சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்கென்றே தடித்த அகராதி ஒன்று இருந்தது. அதில் வழிகாட்டியிருந்த துணிநெசவு வரலாற்று நூல் ஒன்றையும் கேட்டு வாங்கினேன். இரண்டையும் மேசையில் விரித்து, பென்சிலைத் தீட்டி, வாசிக்கத் தொடங்கினேன்.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி அப்படியே உடுக்க உதவாது. ஆட்டின் கொழுப்பு ஒட்டியிருக்கும், இழைகள் விட்டுவிட்டு நிற்கும். அதைத் தொட்டியில் போட்டு, மேலே ஏறி, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். கொழுப்புப் போக வேண்டும், துணி இறுக வேண்டும். அப்படி மிதிக்கிறவன்தான் வோக்கர். வட இங்கிலாந்தில் அந்தப் பெயர். தெற்கில் அதே தொழில்காரனுக்கு ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். துணி நெய்த இடமெல்லாம் மிதிக்க ஆள் வேண்டியிருந்ததால் பெயரும் எங்கும் பரவியது. தெருவுக்கு ஒரு வோக்கர் இருப்பது அதனால்தான். தொட்டியில் ஊற்றுவது என்ன என்பதை அடுத்த பக்கத்தில் வாசித்தேன். மூத்திரம். நாள்பட்ட மூத்திரம். வீடு வீடாகப் போய்ச் சேர்த்து எடுத்தது.

பென்சிலைக் கீழே வைத்தேன். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்பதால் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தேன். கணவர் போனபின் அப்படிச் சிரித்ததில்லை.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொழிலில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அந்தக் குளிரில் அவர்கள் மிதித்திருக்காவிட்டால் பிரபுவும் விறைத்துத்தான் செத்திருப்பான். பெடியனின் அப்பப்பாவுடைய தொழிலிலும் எனக்குக் குறை தெரியவில்லை. குறை தெரிவது என் தம்பிக்கு. அதனால்தான் அது எனக்கு உதவியது.

அடுத்த கிழமை கிளினிக்குக்கு வந்த வயதான வோக்கர் ஒருவரிடம், பெயரின் கதை தெரியுமா என்று கேட்டேன். ஜமேக்காவில் பிறந்தவர். “என் முன்னோரை விலைக்கு வாங்கியவனின் பெயர். அவனுடைய கதையை நான் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, இரத்தப் பரிசோதனைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். தம்பி கோட்டுப்போல எடுத்து மாட்டிக்கொண்ட பெயரை இவருடைய ஆட்களின் தோளில் யாரோ ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான். அதை நான் எதற்கும் பயன்படுத்தவில்லை. அது அவருடைய கோபம்.

ஒக்டோபரில் தம்பிக்கு ஐம்பதாவது பிறந்தநாள். எங்கள் ஆட்கள் ஐம்பதை ஒரு கல்யாணம்போலச் செய்வார்கள். மண்டபம், அறிவிப்பாளர், சின்ன வயதுப் படங்கள் திரையில், உறவினர் உரைகள். அக்காவின் உரைதான் முதலாவது. அதை எழுதி எடுத்துக்கொண்டு, செப்ரெம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம் யூனியன்வில்லுக்குப் போனேன்.

“உன்ர விழாவுக்கு எழுதினனான். ஒருக்கா கேள்.”

“இப்பவே வாசிக்கப் போறியோ? சரி, இருங்கோ அக்கா.” மகிழ்ச்சியானால் அவன் எனக்கு மரியாதை தருவான்.

சிங்கச் சட்டத்தின் கீழே நின்று வாசித்தேன். பெயர் எவ்வளவு பழையது, எவ்வளவு பரவலானது என்ற பகுதிக்குத் தலையாட்டினான். கொழுப்புக்கும் வெறுங்காலுக்கும் வந்தபோது தலை நின்றது. மூத்திரத்துக்கு வந்தபோது சமையலறையில் ஏதோ விழுந்தது. தம்பியின் மனைவி, என் மச்சாள், வாசலுக்கு வந்துவிட்டாள்.

“என்னது, மூத்திரத்திலயோ? ஐயோ, நானும் லைசன்சில மாத்திப்போட்டனே!” என்றவள், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நீ சும்மா இரு” என்று தம்பி அவளிடம் பாய்ந்தான். பிறகு என்னிடம், “உது உண்மையோ?”

“விசாரிச்சுப் பாத்தனான்.”

“எங்க விசாரிச்சனீ?”

“நூலகத்தில. வீடு வீடாப் போய் எடுத்த ஆக்களாம். துணி வியாபாரியள் இல்லை.”

“அக்கா, அது வெள்ளைக்காரன்ர பழங்கதை. இப்ப ஆர் உதுகளைப் பாக்கினம்?”

“அறுநூறு வருசம் போனா பழங்கதை, அறுபது வருசம் போனா இல்லையோ? அதுகும் பெடியன்ர அப்பப்பா தொட்டது தண்ணியும் சவுக்காரமும்.”

அவன் சட்டத்தைப் பார்த்தான். சிங்கம் அவனைப் பார்த்தது.

“மண்டபத்தில இதை வாசிக்கப் போறியோ?”

“அது நீ தேத்தண்ணி குடிக்கிறதைப் பொறுத்தது.”

“உது பிளக்மெயில்.”

“ஓம்” என்றேன்.

அந்த ‘ஓம்’ சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் அதை மட்டும் எழுதினேன்.

டோர்செட் பார்க்குக்கு நானே அவனைக் கூட்டிப்போனேன். அதற்கு முன் நான் செய்த ஒரு வேலை உண்டு. தம்பி எந்தெந்த வழியால் தப்புவான் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒவ்வொரு வழியையும் பெடியனின் தகப்பனிடம் முன்கூட்டியே சொல்லி அடைத்திருந்தேன்.

மகளும் பெடியனும் சுவரோரம் நின்றார்கள். தம்பி அந்தக் கதிரையின் நுனியில் இருந்தான், கோட்டைக் கழற்றவில்லை. பெடியனின் தாய் தேத்தண்ணியைக் கொண்டுவந்து சிறு மேசையில் வைத்துவிட்டு, தகப்பனுக்குப் பின்னால் போய் நின்றார்.

“எனக்குச் சுகர். நான் தேத்தண்ணியை விட்டிட்டன்” என்றான் தம்பி.

“சீனி போடேல்லை. உங்கட அக்கா சொன்னவ” என்றார் தகப்பன்.

“பாலும் எனக்கு ஒத்துவராது.”

“பாலும் இல்லை. வெறும் தேத்தண்ணி.”

“நல்ல சூடா இருக்கும்போல.”

“ஆறட்டும். எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை. நீங்கள் ஆறுதலா இருங்கோ.”

நான்கு பேர் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெடியனின் தாய் தம்பியின் முகத்தையே பார்த்தார். அவன் கோப்பையை எடுத்தான். மருந்து குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடித்து, வெறும் கோப்பையை வைத்தான். முடிந்தது என்று எழப் பார்த்தான்.

அப்போது தகப்பன் சொன்னார். “உங்கட அப்பாவை எனக்குத் தெரியும். அடுத்த ஊர்தானே. நல்ல வெள்ளை வேட்டி உடுத்துவார். தூரத்தில வரேக்கையே தெரியும்.”

தம்பி பாதி எழுந்தபடி நின்றான். ஊரில் அப்பாவின் மரியாதை அந்த வேட்டியில் இருந்தது. அதை வெளுத்துக் கொடுத்தது யாருடைய கை என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தம்பியின் காது சிவந்தது. என் முகமும் சுட்டது. அதுவும் என் அப்பாதான்.

பெடியனின் தாய் முதல் முறையாக வாயைத் திறந்தார். “இன்னும் ஒண்டு ஊத்தட்டோ?”

“ஊத்துங்கோ” என்று தம்பிக்குப் பதிலாக நான் சொன்னேன். இரண்டாவதையும் குடித்தான். கீழே வாகனத்தில் ஏறியதும், “இப்ப உனக்குச் சந்தோசமோ?” என்றான்.

“இன்னும் இல்லை” என்றேன்.

நான் வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவள். தேத்தண்ணி குடித்தால் அந்த உரையை வாசிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். வாசிக்கவில்லை. ஆனால் பிறந்தநாள் விழாவில் ஒலிவாங்கி கையில் இருந்தபோது, அதே கடதாசியைக் கைப்பையிலிருந்து எடுத்து, மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மண்டபம் நிறைய ஆட்கள். பெடியனின் தாயையும் தகப்பனையும் தம்பியே கைபிடித்துக் கூட்டிவந்து முன்மேசையில் இருத்தியிருந்தான்.

“என்ர தம்பியின்ர பேரைப் பற்றி நான் கொஞ்சம் விசாரிச்சனான்” என்று தொடங்கினேன்.

தம்பி கேக்குக்குப் பக்கத்தில் நின்றான். அவனுடைய சிரிப்பு வாங்கில் இருப்பதுபோலவே அசையாமல் நின்றது. கீழே கழுத்துப்பட்டி மட்டும் ஏறி இறங்கியது. மச்சாள் கண்ணை மூடிவிட்டாள். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன். இரண்டு மிடறு குடித்தேன். மூடினேன். உறவுக்காரப் பிள்ளையின் பிறந்தநாளில் என் மகள் பெடியனின் தாய்க்குப் பின்னால் ஓடியபோது எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவ்வளவு நேரமும் எடுத்தேன்.

“அப்பா அவனுக்கு வைச்ச பேர் என்னெண்டு இங்க கனபேருக்கு மறந்திருக்கும்” என்று சொல்லி, அந்தப் பெயரை, வெட்டப்படாத முழு நீளத்துக்கு, அப்பாவின் பெயரோடு சேர்த்துச் சொன்னேன். நீண்ட பெயர்தான். மூச்சுப் பிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். தம்பி நெற்றியைத் துடைத்தான்.

மகளின் கல்யாணம் ஜூனில் நடந்தது. தம்பியும் மச்சாளும் தாரை வார்த்தார்கள். நான் வழக்கப்படி இரண்டாவது வரிசையில் இருந்தேன். தண்ணீர் என் மகளின் கைவழியே இறங்கியதைப் பார்த்தேன். ஊற்றிய கையையும் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. மகள் பிறகு, “அம்மா, கான் யூ லெற் இற் கோ நௌ?” என்று கேட்டாள். “நீ சந்தோசமா இரு பிள்ளை” என்றேன். அவளுடைய கேள்விக்கு அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

யூனியன்வில் வீட்டுச் சுவரில் இப்போது சிங்கம் இல்லை. ஆணி இருக்கிறது. பெயரை மாற்ற அவனால் முடியவில்லை. அனுமதிப்பத்திரம், பலகைகள், இத்தனை வாங்குகள்.

போன மாதம் ஒரு சாப்பாட்டு மேசையில் உறவுக்காரர் ஒருவர் தன் மகனுக்குக் கல்யாணப் பேச்சு வந்திருக்கிறது என்று சொன்னார். தம்பி முன்னால் சாய்ந்தான். “அவை என்ன...” என்று தொடங்கினான்.

நான் கைப்பையை மடியில் வைத்து, கொளுக்கியைத் திறந்தேன். அந்தச் சத்தம் சின்னது.

“...என்ன மாதிரி, பெட்டை படிச்சு முடிச்சிட்டாவோ?” என்று முடித்தான்.

நான் பெப்பர்மின்ற் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். கடதாசி இப்போது வீட்டில், நாட்குறிப்பு வைக்கும் தட்டில் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை.